பீரோவுக்குள் கிடக்கும் அரசு லேப்டாப்புகளின் சொந்தக்காரர்களுக்கு

குருவிகுளம் வட்டாரத்தில் பிளஸ் டூ படித்து, அரசு லேப்டாப் கையில் வாங்கிய அத்தனை பேருக்கும்,



2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம் அது. அரசு நிறுவனமான எல்காட் டெண்டர் விட்டு வாங்கியது. ஏசர், எச்.சி.எல்., லெனோவோ என்று பெயர்கள் மாறி மாறி வந்தன. கொரோனா வந்து திட்டம் நிற்பதற்குள் மாநிலம் முழுக்க 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகள் கொடுக்கப்பட்டிருந்தன. அவற்றில் கொஞ்சம் குருவிகுளம், திருவேங்கடம், சங்கரன்கோவில் பக்கத்துப் பள்ளிகளுக்கும் வந்தன. வாங்கியவர்களில் பலர் இன்று திருப்பூரிலும் சென்னையிலும் வேலையில் இருக்கிறார்கள். லேப்டாப் மட்டும் ஊரில், பீரோவின் மேல்தட்டில், முதல்வர் படம் போட்ட அதே பையில் கிடக்கிறது.

கேட்டால் மூன்றில் ஒரு பதில் வரும். "ஆன் ஆகுது, ஆனா ஆமை மாதிரி ஓடுது." "சார்ஜ் நிக்க மாட்டேங்குது." "ஆன் ஆகவே மாட்டேங்குது." இந்த மூன்றுமே பெரும்பாலும் சாவு இல்லை, நோய்தான் என்று சொல்வதற்காக எழுதப்படுகிறது இந்த மடல். வீட்டில் கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கத் துணிந்த ஒரு ஆள் இருந்தாலே போதும். அந்த ஆள் பெரும்பாலும் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

இப்போது எடுத்துப் பார்க்கச் சொல்ல இரண்டு காரணம் உண்டு. ஒன்று, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டி.பி.எம். 2.0 சிப்பும், இன்டெல் என்றால் ஏறத்தாழ 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆன பிராசஸரும் வேண்டும். அந்தக் காலத்து அரசு லேப்டாப்புகள் அநேகமாக எதுவும் இதில் தேறாது. இரண்டாவது காரணம் சந்தை. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. ஏறிய வேகத்தில், கடைகளில் எல்லாருக்கும் பழக்கமான க்ரூசியல் ரேம், எஸ்.எஸ்.டி. வியாபாரத்தையே மூடப்போவதாக டிசம்பரில் மைக்ரான் அறிவித்துவிட்டது. புதுசு விலை கூடும்போது பழசுக்கு மதிப்பு கூடும். பழைய லேப்டாப்பை எடைக்குப் போட இது நேரமில்லை.

முதலில் அந்த ஆமை வேகம்.

கடைக்குக் கொண்டுபோனால் "பிராசஸர் பழசு, வேற வாங்கிருங்க" என்று சொல்லி அனுப்புவது உண்டு. நம்புவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்து பாருங்கள். விண்டோஸ் முழுசாக ஏறிய பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் சி.பி.யு. பத்துப் பதினைந்து சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். டிஸ்க் என்ற கட்டம் மட்டும் சிவந்துபோய் 100 சதவீதத்தில் நிற்கும். குற்றவாளி யார் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

உள்ளே இருப்பது நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் ஹார்டு டிஸ்க். தட்டின் மேல் ஒரு முள் நகர்ந்து, வேண்டிய இடம் சுற்றி வரும்வரை காத்திருந்து படிக்க வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் பத்து மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும், ஆகவே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களைப் படிக்கும்போது நொடிக்கு நூறு தடவையைத் தாண்டாது. விண்டோஸ் 10 ஏறும்போது கேட்பதோ இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான துண்டுகளை. எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் முள்ளும் இல்லை. அதே வேலையை நொடிக்குப் பல ஆயிரம் தடவை செய்யும். 2011 வாக்கில் வந்த மாடல்களில் பழைய வேக சாட்டா இணைப்பு இருந்தாலும் கவலை வேண்டாம். இங்கே லாபம் மெகாபைட் கணக்கில் இல்லை, காத்திருப்பு ஒழிவதில்தான் இருக்கிறது.

ஆனால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றுமுன் அதன் உடம்பைப் பார்த்துவிடுவது நல்லது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் ஒரு பட்டியல் வரும். அதில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகள்தான் முக்கியம். 05 என்பது கெட்டுப்போய் ஏற்கெனவே ஒதுக்கிவைக்கப்பட்ட இடங்களின் கணக்கு. சி5 என்பது படிக்க முடியாமல் இழுபறியில் நிற்பவை. சி6 கைவிடப்பட்டவை. எண்கள் வழக்கமாகப் பதினாறடிமானத்தில் காட்டப்படும், 1ஏ என்று இருந்தால் 26 என்று பொருள். பல பேர் இதைக் கவனிப்பதில்லை. சி5 இன்றைக்கு 8, நாளைக்கு 20 என்று ஏறினால் மற்ற வேலையை எல்லாம் நிறுத்திவிட்டு, பள்ளிப் பிரிவு விழா போட்டோவையும் தாத்தாவின் சஷ்டியப்தபூர்த்தி வீடியோவையும் முதலில் வெளியே எடுங்கள்.

டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சீரான சத்தம் வந்தால் மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்கவே கூடாது. ஒவ்வொரு தடவையும் முள் தட்டைச் சுரண்டக்கூடும். சத்தமில்லாமல், ஆனால் பாதியில் நின்று நின்று படிக்கிற டிஸ்க் என்றால், லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவிலிருந்து பூட் செய்து டிடிரெஸ்கியூ என்ற கருவியால் முழு டிஸ்க்கையும் இன்னொன்றுக்கு நகலெடுக்கலாம். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும் கருவி அது. எங்கே விட்டது என்பதை ஒரு மேப் ஃபைலில் எழுதி வைத்துக்கொள்வதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரும். நம் பக்கத்துக்கு ரொம்பத் தோதான குணம் இது.

எஸ்.எஸ்.டி. வாங்கப் போகுமுன் பின்மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள். மாடல் பெயரை மட்டும் வைத்து வாங்கினால் ஏமாறலாம். ஒரே பெயரில் பல வகை உண்டு. இரண்டரை இஞ்ச் சாட்டா டிஸ்க் என்றால் தடிமன் 7 மில்லிமீட்டரா, 9.5 மில்லிமீட்டரா என்று பார்க்க வேண்டும். எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் 7. பழைய கூட்டில் அது ஆடினால், கூடவரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டினால் போதும். பின்னால் வந்த லேப்டாப்புகளில் எம்.2 இடம் இருந்தால், அது சாட்டா ஏற்குமா, என்.வி.எம்.இ. ஏற்குமா என்று உறுதி செய்யாமல் காசு கொடுக்கக் கூடாது. ரெண்டுக்கும் அளவு ஒன்றே, பேசும் பாஷை வேறு. இணையத்தில் ஐந்நூறு ரூபாய்க்கு 2 டெராபைட் என்று விற்கும் பென் டிரைவ், எஸ்.எஸ்.டி. பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது லினக்ஸில் எஃப்3 ஓட்டிப் பார்க்கலாம். அந்த 2 டெராபைட்டில் உள்ளபடி எவ்வளவு இருக்கிறது என்று புட்டுப்புட்டு வைத்துவிடும்.

ரேம் விஷயத்தில் ஒரே ஒரு எழுத்து காசைக் கரைக்கும். பழைய ஸ்டிக்கரில் பி.சி.3 என்று இருக்கிறதா, பி.சி.3எல் என்று இருக்கிறதா? முதலாவது 1.5 வோல்ட், இரண்டாவது 1.35. இன்டெல் 4-ஆம் தலைமுறையிலிருந்து வந்த லேப்டாப்புகளில் 1.5 வோல்ட் ரேமைப் போட்டால் பொதுவாக ஸ்க்ரீனே வராது. போர்டு போய்விட்டது என்று பயந்துபோய்க் கடைக்கு ஓடுவார்கள். எல் போட்ட ரேமையோ பழைய மெஷினில் போட்டாலும் அநேகமாக ஓடும், ஆகவே சந்தேகம் வந்தால் எல் வாங்குவதே மேல். புதிதாகப் போட்டபின் மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸை ஒரு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். சிவப்பு வரி ஒன்று வந்தாலும் அந்த ரேமைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

எஸ்.எஸ்.டி.யில் எதை ஏற்றுவது என்பதில் சண்டை வரும். விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றும் வித்தைகள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. 4 ஜி.பி. ரேம் வைத்துக்கொண்டு அந்தப் பாட்டுக்கு ஆடுவது வீண். அதைவிட லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு இந்த மெஷின்களுக்குப் பொருத்தம், 2029 வரை அப்டேட்டும் உண்டு. ஒரு வேடிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அரசு லேப்டாப்போடு கூடவே வந்தது. கொடுத்த வாரமே அதை அழித்துவிட்டு, கடையில் காசு கொடுத்துத் திருட்டு விண்டோஸ் ஏற்றியவர்கள் எத்தனையோ பேர். அந்தத் திருட்டு விண்டோஸைத் திறக்கப் போட்ட ஆக்டிவேட்டருக்குள் வைரஸும் சேர்ந்தே வந்ததுண்டு.

ஆனால் லினக்ஸ் எல்லாருக்கும் ஆகாது. டேலியில் கணக்கு எழுதுபவர்கள், போட்டோஷாப்பில் கல்யாண ஆல்பம் செய்பவர்கள் விண்டோஸை விட முடியாது. அவர்கள் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டில் சேர்ந்துவிட்டு, அதற்குள் புது மெஷினுக்குக் காசு சேர்க்க வேண்டியதுதான். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற தங்கைக்கு, யூடியூப் பார்க்கிற அப்பாவுக்கு லினக்ஸ் தாராளம். யூடியூப் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அது இப்போது வீடியோவை வி.பி.9, ஏ.வி.1 என்ற புது முறைகளில் அனுப்புகிறது. 2011-12 காலத்துக் கிராஃபிக்ஸ் சிப்புக்கு அது புரியாது, பிராசஸரே முழுசாக உழைத்துச் சூடாகி, படம் திக்கும். எச்264இஃபை என்ற பிரவுசர் இணைப்பைப் போட்டால் பழைய முறையிலேயே வீடியோ வரும். ஃபேன் சத்தம் அடங்குவதை வைத்தே வேலை செய்கிறதென்று தெரிந்துகொள்ளலாம்.

இனி கரிசல் மண்ணுக்கு வருவோம். வெளியூர் டிப்ஸ் வீடியோக்களில் இது இருக்காது.

லேப்டாப் சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். லோ வோல்டேஜுக்காக அதற்குத் தனியாக ஸ்டெபிலைசர் வேண்டியதில்லை. அதைக் கொல்வது வேறு. ஒன்று எர்த். மணிக்கட்டு லேப்டாப்பின் இரும்பு ஓரத்தில் படும்போது சுருக்கென்று ஒரு குறுகுறுப்பு தெரிகிறதா? டெஸ்டர் வைத்தால் அடி ஸ்க்ரூவில் விளக்கு மங்கலாக எரிகிறதா? சார்ஜருக்குள் இருக்கும் சின்ன கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் மின்சாரம் அது. எர்த் இருந்தால் மண்ணுக்குப் போகும், இல்லாவிட்டால் உங்கள் மேல் ஏறும். ஆளைக் கொல்லும் அளவு இல்லை. ஆனால் எர்த் உள்ள இன்னொரு கருவியோடு எச்.டி.எம்.ஐ. கேபிளைச் சொருகும் கணத்தில் போர்ட்டைச் சுட்டுவிடப் போதும். இரண்டு முள் சாக்கெட்டில் நுழையவில்லை என்று சார்ஜர் பிளக்கின் தடித்த முள்ளை உடைத்து எடுத்தவர்கள், அந்த ஒரு வேலையால் இந்தத் தொல்லையை விலைக்கு வாங்கியிருக்கிறார்கள்.

முள் இருந்தும் குறுகுறுத்தால் எர்த் குழியைப் பார்க்க வேண்டும். ஈரமாக இருக்கும்வரை கரிசல் மண் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். சித்திரையில் அதே மண் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. வெடித்த மண் குழாயை விட்டு விலகுகிறது, எர்த் இருந்தும் இல்லாத நிலை. பங்குனியிலிருந்தே குழியில் தண்ணீர் ஊற்றி வாருங்கள், உப்பும் கரியும் குறைந்துபோயிருந்தால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி மறுபடி இடச் செய்யுங்கள், பெரிய செலவில்லை. மீட்டர் வைத்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள், லைனில் பல்பைக் கட்டிப் பார்ப்பதை நீங்களே முயல வேண்டாம்.

இரண்டாவது எதிரி நியூட்ரல். செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றில் கம்பிகள் ஆடி நியூட்ரல் அறுந்தால், த்ரீ ஃபேஸ் வீட்டில் 230 வோல்ட் வர வேண்டிய பிளக்கில் 400-ஐ நெருங்கி வந்து நிற்கும். டியூப்லைட் திடீரென்று கண்கூசுகிற வெளிச்சத்தில் எரிந்தால் யோசிக்காமல் மெயினை அணையுங்கள். ஓவர் வோல்டேஜில் தானே துண்டித்துக்கொள்ளும் கருவியை மெயின் பெட்டியில் மாட்டிவைத்தால் லேப்டாப் மட்டுமல்ல, பிரிட்ஜும் டிவியும் தப்பும். ஐப்பசி இடிக்குப் பிளக்கைப் பிடுங்குவது எல்லோரும் செய்வதுதான். மோடத்திலிருந்து வரும் லேன் கேபிளையும் பிடுங்க வேண்டும் என்பதைத்தான் மறந்துபோகிறோம். ஃபைபர் கண்ணாடி இடியைக் கடத்தாது, மோடத்துக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் ஓடும் செம்புக் கம்பி கடத்தும்.

சூடாகி அணைந்துவிடும் மெஷினின் பின்மூடியைக் கழற்றினால் ஃபேன் சுத்தமாகத்தான் தெரியும். ஃபேனையும் கழற்றி, அதன் வாய்க்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, பஞ்சும் கரிசல் புழுதியும் சேர்ந்து கம்பளித் துண்டு போல அப்பியிருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது அசையாது, இன்னும் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். விரலால் உரித்து எடுத்தால் ஒரே துண்டாக வரும். பிளோயர் அடிப்பதானால் ஃபேன் இறக்கையை ஈர்க்குச்சியால் தடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதிவேகத்தில் சுற்றி பேரிங் போய்விடும். பத்து வருஷத்தில் காய்ந்து சுண்ணாம்பாகிப்போன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தால் வேலை முடிந்தது.

பேட்டரி நிற்கவில்லை என்பது அந்த வயதுக்கு இயல்பு. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையோடு பேட்டரி ரிப்போர்ட் கேட்டால், தயாரித்தபோது எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று இரண்டு எண்களைக் கொடுக்கும். பாதிக்குக் கீழே போயிருந்தால், கழற்றக்கூடிய பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு சார்ஜரிலேயே ஓட்டலாம். உப்பியிருந்தால் அழுத்துவதோ குத்துவதோ கூடாது, தீப்பிடிக்கும். புது சார்ஜர் வாங்கும்போது வோல்ட்டும் முனையும் பொருந்துவதோடு நிறுத்தாமல், பி.ஐ.எஸ். பதிவு எண் அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். ஆர் என்று தொடங்கும் அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உண்மையா பொய்யா என்று அங்கேயே தெரியும்.

சில நோய்கள் சிரிப்பு வரவழைக்கும். லேப்டாப் நன்றாக ஏறுகிறது, வைஃபை கிடைக்கிறது, ஆனால் எந்த இணையதளமும் திறக்கவில்லை, 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று சிவப்பு எச்சரிக்கை. மூலையில் கடிகாரத்தைப் பார்த்தால் 2012 ஜனவரி. போர்டில் இருக்கும் காசு அளவு சி.ஆர்.2032 பேட்டரி தீர்ந்து தேதி பின்னால் போனதால், பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாம் இன்னும் பிறக்காததாகத் தெரிகிறது. ஃபேன்சி கடையில்கூடக் கிடைக்கும் அந்தப் பேட்டரி. சில மாடல்களில் ஒயரோடு வரும், அதை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

ஆன் ஆகாத மெஷினுக்குச் செலவில்லாத வைத்தியத்தை முதலில் பாருங்கள். சார்ஜர், பேட்டரி இரண்டையும் எடுத்துவிட்டு பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து, பிறகு சார்ஜர் மட்டும் போட்டு முயலவும். ரேமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களை ரப்பரால் தேய்த்துத் திரும்பப் போடவும். ஃபேன் சுற்றியும் திரை இருட்டு என்றால் சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்து தெரிந்தால் பின்விளக்குதான் போயிருக்கிறது, வெளி மானிட்டரில் இணைத்து ஓட்டலாம். இதெல்லாம் ஆன பிறகும் அசையாவிட்டால், சிப்பைச் சூடாக்கி ஒட்டித் தருகிறோம் என்பவர்களிடம் காசு கொடுக்க வேண்டாம். அந்த வைத்தியம் பெரும்பாலும் சில மாதம்கூட நிற்பதில்லை. ரேமையும் எஸ்.எஸ்.டி.யையும் எடுத்துக்கொண்டு, மற்றதை 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்த்துவிடுங்கள்.

2026-இல் அரசு மறுபடி கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. உங்கள் தம்பியிடம் அது வந்திருந்தால், பக்கத்தில் வைத்து உங்கள் பழைய மெஷினை ஆன் செய்து பாருங்கள். எஸ்.எஸ்.டி. போட்டபின் ஏறுகிற நேரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது, வேலை கூடும்போதுதான் தெரியும்.

கடைசியாக, கழற்றி எடுத்த ஹார்டு டிஸ்க். நல்ல உடம்போடு இருந்தால் யு.எஸ்.பி. உறை ஒன்று வாங்கிப் போட்டு போட்டோ பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். கெட்டதென்றால் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள், உங்கள் ஆதார் ஸ்கேனும் சாதிச் சான்றிதழும் பேங்க் பாஸ்புக் முதல் பக்கமும் அதில்தான் இருக்கின்றன. வீட்டுக்குக் கொண்டுவந்து, டிரில் மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுத்து, தட்டுகள் ஊடே மூன்று துளை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்.